பாதியில் நிற்கும் புதையல்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நின்றதால், ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு இந்தக் கோடையில் ராத்திரி ராத்திரி ‘புதையல் தீவு’ வாசித்துக் காட்டினேன். தீவில் தனியாக விடப்பட்ட பென் கன் வரும் இடத்தோடு பாதியில் நிற்கிறது. பள்ளி திறந்துவிட்டது. தடை முடிந்ததும் நான் கடலுக்குப் போய்விடுவேன். “கதைப் புத்தகத்தை மூட்டை கட்டு, அதனால் என்ன பயன்?” என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், காசிமேடு (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: பயன் கொஞ்சம் பொறுக்கட்டும். ‘பாதியில் நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் நிறுத்திய அதே இடத்தில்தான் கதையை எழுதியவரும் நின்றுபோனார்.

1881, ஆகஸ்ட் – செப்டம்பர். ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற மலையூர். கோடை முடிகிற நேரம், விடாத மழை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் அவர் மனைவியின் மகன் லாயிடும் வீட்டுக்குள் அடைந்து கிடந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். லாயிடுக்கு வயது 13. அப்படி வந்ததுதான் அந்தத் தீவின் வரைபடம். கதை அதற்குப் பிறகுதான் வந்தது. நாளுக்கு ஓர் அத்தியாயம் எழுதி, வீட்டில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். 15 நாளில் 15 அத்தியாயம். பதினாறாவதின் முதல் சில பத்திகளிலேயே பேனா ஓடவில்லை. அக்டோபரில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடர்கதையாக அச்சாகத் தொடங்கிவிட்டது, ஆனால் மீதிக் கதை அவர் கையில் இல்லை. பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நுரையீரல் நோயாளி, குளிர்காலத்தைக் கழிக்க ஸ்விட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போனார். அங்கே ஒரு காலையில் உட்கார்ந்தார், கதை மடமடவென்று வந்தது. மறுபடியும் நாளுக்கு ஓர் அத்தியாயம். மொத்தம் 34.

எழுதியவருக்கே கோடை போதவில்லை. உங்களுக்கு 61 நாள் தடைக்காலம் போதவில்லை என்றால் அதில் என்ன குறை? ஆடியில் முடியுங்கள், ஆவணியில் முடியுங்கள்.

இன்னொரு ஆளையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்: ஸ்டீவன்சனின் அப்பா தாமஸ். கலங்கரை விளக்கம் கட்டுகிற பொறியாளர். மகன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சும்மா இருக்கவில்லை. செத்துப்போன மாலுமி பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, அதற்குள் என்னென்ன இருக்கும் என்று ஓர் உறையின் பின்பக்கத்தில் பகலின் பெரும்பகுதி உட்கார்ந்து பட்டியல் போட்டார். மகன் அதை அப்படியே கதையில் சேர்த்துக்கொண்டார்.

கடல் தெரிந்த அப்பா பக்கத்தில் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் சாதாரண விஷயம் இல்லை. புதையலைப் புதைத்த கடற்கொள்ளைக்காரன் ஃபிளின்ட்டின் வரைபடத்தில் புதையலுக்கு என்ன குறிப்பு எழுதியிருக்கிறது? உயரமான ஒரு மரம், பின்னால் குன்றின் தோள், இன்ன திசை. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பு கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் இன்னொன்றையும் நேராக வைத்துத்தானே கடலில் இடம் பிடித்தார்கள்? அந்தப் பக்கத்தை மகளுக்கு விளக்க உங்களைவிடத் தகுதியான வாத்தியார் இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. தீவுக்கும் தூரம் போக வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளி இருக்கிறது: ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம். அதை வரையச் சொல்லுங்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, துறைமுகத்தின் கிரேன் எல்லாம் அவளுக்கு அடையாளங்கள்.

சரி, பயன். கதை முடிந்ததும் ‘நீதி’ என்று கட்டம் கட்டிப் போடுகிற பதிப்பாளர்களோடு இந்தப் பக்கத்தில் நான் பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன், இன்னும் நிற்பேன். ஆப்பிள் பீப்பாய் அத்தியாயத்தை வாசித்துவிட்டீர்கள் அல்லவா? பீப்பாய்க்குள், கதையைச் சொல்லும் சிறுவன் ஜிம் பதுங்கிக் கிடக்கிறான். வெளியே, கப்பலில் சமையல்காரனாக வந்திருக்கும் கொள்ளைக்காரன் லாங் ஜான் சில்வர் ஓர் இளம் மாலுமியைப் புகழ்ந்து வலை வீசுகிறான். அதைக் கேட்டு ஜிம்முக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால், தன்னிடம் சொன்ன அதே புகழ்ச்சியை, சொல் மாறாமல் அந்தப் பையனிடமும் சொல்கிறான் சில்வர். “நீ கெட்டிக்காரன், பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்” என்று தோளில் கை போடுகிற அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளைத் தேடி நம் தெருவுக்கும் வருவார்கள். அவர்களை அடையாளம் காண எந்தப் பாடப்புத்தகம் சொல்லித் தருகிறது? இந்தக் கதை சொல்லித் தருகிறது, அதுவும் ஒரு வரி உபதேசம் இல்லாமல். கதைப் புத்தகத்தை மூட்டை கட்டச் சொன்னவர்கள் அந்த ஓர் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிட்டுப் பேசட்டும்.

ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் 34 அத்தியாயம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அது சுருக்கிய பதிப்பு. சுருக்குகிறவர்கள் முதலில் கை வைப்பது பென் கன் பாலாடைக்கட்டிக்கு ஏங்கும் வரிகள் மாதிரியான இடங்களில்தான். மூன்று வருஷம் தனியாகக் கிடந்தவன், மனிதனைப் பார்த்ததும் ஒரு துண்டு பாலாடைக்கட்டி இருக்கிறதா என்று கேட்கிறான். அதை வெட்டிவிட்டால் அவன் அங்கே கிடந்த மூன்று வருஷமும் போய்விடும். முழுப் புத்தகம் வேண்டுமென்றால் கிளை நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், கூச்சமே வேண்டாம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948-இல் இங்கேதான், சென்னை மாகாணத்தில் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். அந்தப் பணத்தில் காசிமேட்டுக் குழந்தைக்கு ஒரு முழுப் புத்தகம் கேட்பது உரிமை.

இனி, நீங்கள் கடலில் இருக்கும் நாட்களுக்கு. பதினாறாம் அத்தியாயத்தில் கதை சொல்கிறவர் மாறுகிறார். ஜிம் ஒதுங்கிக்கொள்ள, டாக்டர் லிவ்ஸி சொல்ல ஆரம்பிக்கிறார், மூன்று அத்தியாயங்களுக்கு. அந்த மூன்றையும் மகள் சத்தமாக வாசிக்கட்டும், வீட்டில் இருப்பவர்கள் கேட்கட்டும். “என்ன பயன்” என்று கேட்டவர்களும்தான். பத்தொன்பதில் ஜிம் திரும்பி வருவான். அதை நீங்கள் கரைக்கு வந்து வாசியுங்கள்.