படிக்கிற பிள்ளை வளாகப் புத்தகக் கடையில் வேலை பார்க்கலாமா?

சிங்கப்பூரில் படிக்கும் முதலாமாண்டு மகள் பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் பகுதிநேர வேலைக்குப் போக ஆசைப்படுகிறார், படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். போகட்டும் அம்மா. ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த வாரங்களில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும்.

இந்த வேலையைத் தயக்கமின்றிச் சொல்லக் காரணம் உண்டு. கடையில் கூட்டம் நெருக்கும் காலம் வேறு, மாணவரைப் படிப்பு நெருக்கும் காலம் வேறு. முதல் பருவம் ஆகஸ்டிலும் இரண்டாம் பருவம் ஜனவரியிலும் தொடங்குகின்றன. தொடங்குவதற்கு முந்தைய வாரமும் பிந்தைய மூன்று வாரங்களும்தான் கடையில் மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். அப்போது பல பாடங்களுக்கு டுட்டோரியல் எனப்படும் சிறுகுழு வகுப்புகூட ஆரம்பித்திருக்காது. பருவத்தின் நடுவில் வரும் விடுமுறை வாரம் முடிந்து கட்டுரைகளும் குழுப் பணிகளும் குவியும்போது, கடையில் பேனாவும் கோப்புகளும் விற்றுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நவம்பர் கடைசியிலும் ஏப்ரல் கடைசியிலும் தேர்வு வரும்போது நேரத்தைக் குறைத்துக்கொள்ளக் கேட்டால் கடைக்கும் சிரமமில்லை. ஆர்ச்சர்ட் ரோடு கடைத்தெருவில் நிலைமை நேர்மாறு. அங்கே நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம், தேர்வுக்கு லீவு கேட்பவருக்கு அடுத்த ரோஸ்டரில், அதாவது ஷிஃப்ட் அட்டவணையில், இடம் கிடைப்பது கஷ்டம்.

எத்தனை மணி நேரம்? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி 4 யூனிட் பாடம் ஒன்று வாரத்துக்குச் சுமார் 10 மணி நேர உழைப்பைக் கேட்கும். வகுப்பு, வாசிப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் அதில் அடக்கம். வழக்கமான 20 யூனிட் எடுத்தால் 50 மணி நேரம் போய்விடும். அதற்குமேல் 10 முதல் 12 மணி நேர வேலை தாங்கும். 15ஐத் தாண்டினால் முதலில் தூக்கம் குறையும், அடுத்து வாசிப்பு குறையும், மதிப்பெண் அதற்குப் பிறகுதான் சரியும். அதனால் பெற்றோருக்கு அது தாமதமாகவே தெரியவரும். ஷிஃப்டுகளை வகுப்புள்ள நாட்களிலேயே வாங்கச் சொல்லுங்கள். வகுப்பில்லாத நாளில் மூன்று மணி நேர வேலைக்காக வடக்கே உள்ள உட்லண்ட்சிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜ் வரை போய்வருவதில் பாதி நாள் ரயிலில் கரைந்துவிடும்.

மாணவர் அனுமதி அட்டையில் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளையாக இருந்தால் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. மனிதவள அமைச்சு அங்கீகரித்துள்ள பல்கலைக்கழகங்களின் முழுநேர மாணவர்கள் தனி அனுமதி இல்லாமல் பருவ நாட்களில் வாரம் 16 மணி நேரமும், விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம். ஆகஸ்ட் நெருக்கடியில் சூப்பர்வைசர் "இன்னும் ரெண்டு மணி நேரம் இரும்மா" என்றாலும் 16ஐத் தாண்டக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். கல்லாவில் நிற்பது மட்டும்தான் வேலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பின்னறையில் நடப்பதில்தான் கற்றுக்கொள்ள விஷயம் அதிகம். விரிவுரையாளர்கள் பருவத்துக்கு முன்பே பாடநூல் பட்டியல் அனுப்புவார்கள். 200 பேர் படிக்கும் பாடத்துக்கு 200 பிரதி வாங்கினால் கடை மூழ்கிவிடும். சிலர் மின்னூலில் படிப்பார்கள், சிலர் நூலகத்தில் எடுப்பார்கள், சிலர் சீனியரிடமோ பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளிலோ வாங்குவார்கள். எனவே போன ஆண்டு எத்தனை விற்றன, பதிப்பு மாறியிருக்கிறதா, புத்தகம் கட்டாயமா அல்லது விருப்பப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்வார்கள். பதிப்பு மாறிய ஆண்டில் பழைய பிரதி உதவாது, புதியது கூடுதலாக விற்கும்.

சரக்கு வந்ததும் அதோடு வரும் பட்டியலான டெலிவரி ஆர்டரை வைத்துப் பெட்டி பெட்டியாகச் சரிபார்க்க வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்து டிக் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரே தலைப்பு, ஒரே அட்டைப்படம், ஆனால் ஒன்று சர்வதேசப் பதிப்பு, இன்னொன்று இணையப் பயிற்சிக்கான குறியீட்டுடன் வருவது. இரண்டுக்கும் நூலின் அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன் வேறு, விலையும் வேறு. கடைசி நான்கு இலக்கங்களையாவது ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். குறியீட்டைச் சுரண்டிவிட்டாலோ பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டாலோ அந்தப் பிரதியைப் பதிப்பகம் பொதுவாகத் திருப்பி எடுக்காது. "உள்ளே பார்க்கணும்" என்று உறையைக் கிழிக்கப்போகும் மாணவரைச் சிரித்த முகத்தோடு தடுக்கத் தெரிவதும் ஒரு திறமைதான்.

பாடநூல்கள் கனமானவை. ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ளவை பத்தை ஒரு பெட்டியில் அடுக்கினால் 15 முதல் 20 கிலோ வரும். முழங்காலை மடித்துத் தூக்க வேண்டும், தள்ளுவண்டி இருக்கும்போது கையில் சுமக்கக் கூடாது. முதுகுவலி உள்ள பிள்ளை அதை நேர்காணலிலேயே சொல்லிவிடலாம், கல்லாப் பக்கம் போடுவார்கள்.

கல்லாவில் பிழை நேரும் இடங்கள் கொஞ்சம்தான். ரொக்கத் தொகையை ஐந்து காசுக்கு முழுமையாக்குவார்கள், வங்கி அட்டையில் கட்டும் நெட்சுக்கும் மற்ற கார்டுக்கும் அப்படிச் செய்வதில்லை. கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் கடையின் திரையில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே பையைக் கொடுக்க வேண்டும். தவறாக அடித்த பில்லைத் தானே சரிசெய்யப் பார்க்காமல் சூப்பர்வைசரை அழைக்க வேண்டும்.

உடன் வேலை செய்பவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இத்தகைய கடைகளில் பெரும்பாலும் பல ஆண்டுகளாக இருக்கும் முழுநேர ஊழியர்கள் சிலரும், பருவத்துக்குப் பருவம் மாறும் மாணவர்களும் இருப்பார்கள். எந்த விரிவுரையாளர் கடைசி நேரத்தில் பட்டியலை மாற்றுவார், எந்தப் பதிப்பகம் தாமதிக்கும் என்பதெல்லாம் மூத்தவர்களுக்கு அத்துப்படி. ஆன்ட்டி, அங்கிள் என்று அழைத்து, சந்தேகம் வந்தால் முதலில் அவர்களைக் கேட்கும் பிள்ளையை அவர்கள் தாங்குவார்கள். உறவு கெடுவது சின்ன விஷயங்களில்தான்: ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு வாட்ஸ்அப் குழுவில் "வர முடியாது" என்று போடுவது, அடுக்காத புத்தகக் குவியலை அடுத்தவர் தலையில் விட்டுப் போவது, மற்றவர்கள் எதிரில் இருவர் மட்டும் தங்கள் மொழியில் குசுகுசுப்பது. வர முடியாவிட்டால் மாற்றாள் ஒருவரைப் பேசி வைத்துவிட்டு, அவர் பெயரோடு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

பண்டிகைகளை முன்கூட்டியே யோசிப்பது நல்லது. தீபாவளி பொது விடுமுறை, பகுதிநேர ஊழியருக்கும் வேலை நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. பொங்கலுக்கு அப்படி இல்லை. அதோடு இரண்டாம் பருவம் தொடங்கும் நெருக்கடியிலேயே அது வந்து நிற்கும். சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நான் கூடுதல் ஷிஃப்ட் பார்க்கிறேன், பொங்கலன்று எனக்கு விடுப்பு வேண்டும் என்று டிசம்பரிலேயே பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சம்பள விவரங்களை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 14 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் வேலைக்கு, சேர்ந்த 14 நாட்களுக்குள் முக்கிய வேலை விதிமுறைகளை எழுத்தில் தர வேண்டும். சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளமும், விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினாலே முதலாளி மசேநிதி (மத்திய சேமநிதி) கட்ட வேண்டும், ஊழியரின் பங்கு 500 வெள்ளிக்குமேல்தான் தொடங்குகிறது. உதாரணமாக மாதம் 528 வெள்ளி வந்தால், 500க்கு மேலுள்ள 28 வெள்ளியில் 60 விழுக்காடு, அதாவது சுமார் 16 வெள்ளி பிடிக்கப்படும். அது மகளின் கணக்கில்தான் சேரும், பணம் குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். உங்கள் வருமான வரியில் மகளுக்காகப் பிள்ளை நிவாரணம் 4,000 வெள்ளி கோருகிறீர்கள் என்றால், மகளின் ஆண்டு வருமானம் 8,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. 2025 வரிக் கணக்கு ஆண்டு முதல் இந்த வரம்பு நடப்பில் உள்ளது. வாரம் 12 மணி நேரத்தில் அந்த எல்லையைத் தொடுவது அரிது, விடுமுறை முழுக்க முழுநேரம் பார்த்தால் கணக்குப் பாருங்கள்.

ஓராண்டு கழிந்தபின் "கடையில் வேலை பார்த்தேன்" என்று மட்டும் எழுதினால் சுயவிவரத்தில் அது நிற்காது. இரண்டாம் பருவத்திலிருந்து பாடநூல் பட்டியல், திருப்பியனுப்பும் சரக்கு, கையிருப்புக் கணக்கு இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எத்தனை பாடங்களின் பட்டியலைக் கையாண்டார், கணக்கு இடித்தபோது காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுதினால் பதிப்பகம், நூலகம், கொள்முதல், தளவாடத் துறை எதற்கும் அது பேசும்.

ஆகஸ்டுக்கு ஆள் எடுப்பது ஜூன், ஜூலையில் நடக்கும். ஜனவரிக்கு, நவம்பர் தேர்வுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. நேர்காணலில், தேர்வுக்கு முந்தைய படிப்பு வாரத்திலும் தேர்வு வாரங்களிலும் வாரம் 4 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள முடியுமா, அதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா என்று நேராகக் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால், வளாகத்திலேயே நூலகத்திலோ துறை அலுவலகத்திலோ மாணவர் பணி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.