60 வயதைத் தாண்டி வளைகுடாவில் இருப்பவர் மருத்துவக் காப்பீட்டை அங்கே எடுப்பதா, ஊரிலா?

கேட்டவர் துபாயில் வேலையில் இருக்கிறார், இன்னும் சில வருடங்களில் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருவார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் கீழக்கரையில் பாதிப் பேர் நிலைமை அதுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் ஏஜென்ட் இல்லை. காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்று கேட்டுச் சண்டைக்கு வருபவர்கள் ஆலிம்களிடம் போகலாம்.

துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை தரும் கம்பெனிதான் உங்களுக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். அந்தக் கார்டை நம்பி ஊரில் எதுவும் எடுக்காமல் இருந்துவிடுகிறோம். விசா கேன்சலானதும் கார்டு போய்விடும். சுகர் மட்டும் கூடவே விமானம் ஏறி வரும். அதனால் வேலையில் இருக்கும்போதே ஊரில் ஒரு பாலிசி எடுத்து ஓடவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் காப்பீடு பணம் தராத காலம், இப்போது அதிகபட்சம் 3 வருடம். அது நீங்கள் அங்கே இருக்கும்போதே கழிந்துவிடும். 65-க்கு மேல் புதுப் பாலிசி கிடைக்காது என்பதும் 2024-க்கு முந்தைய கதை. ஆனால் இந்தியப் பாலிசி பெரும்பாலும் இந்தியாவில் செய்யும் வைத்தியத்துக்குத்தான்; துபாயிலேயே தங்குபவருக்கு அது போதாது.

நான் 2019-ல் எடுத்தேன். அப்போது காத்திருப்பு 4 வருடம் வரை இருந்தது. ஃபாரத்தில் சுகர், பிரஷர் இரண்டையும் எழுதச் சொன்னேன். ஏஜென்ட் முகம் சுளித்தார். “பாய், எழுதினா பிரீமியம் ஏறும், எதுக்கு?” என்றார். வீட்டிலும் அதே பேச்சு, வருஷா வருஷம் காசு கரியாகுது என்று. நான் மசியவில்லை. ஊர் வந்து சேர்ந்தபின் நெஞ்சு வலி வந்து, மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஏட்டில் டாக்டர் “பல வருடமாகச் சுகர்” என்று எழுதியிருந்தார். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். என் ஃபாரத்திலும் அதுவே இருந்ததால் மறு பேச்சில்லை. கோ-பே, அதாவது பில்லில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, போக மீதி முழுவதும் வந்தது. என்னோடு துபாய் தேராவில் ஒரே ரூமில் இருந்த ஒரு காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சுகரை மறைத்திருந்தார். காப்பீட்டுப் பணத்தை மறுத்துவிட்டார்கள், அவர் பைபாஸ் செலவுக்கு மனையை விற்றார். 5 வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால் மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார். மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் மறுக்கலாம், தம்பி.

கேஷ்லெஸ், அதாவது பில்லைக் காப்பீட்டுக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு மதுரைதான் வாய்த்தது. எங்களுக்கு எதற்கும் மதுரைதான், விமானம் ஏறவும் அங்கேதான் போக வேண்டும். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கடற்படைக்கு ஓடுதளம் இருக்கிறது. வெளிநாட்டில் பிழைக்கும் சபராளிகள் இத்தனை பேர் உள்ள மாவட்டத்துக்கு ஒரு பயணிகள் விமானம் இல்லை. பெட்டியோடு நடுராத்திரியில் காருக்கு அழுத காசைச் சேர்த்திருந்தால் பல வருடப் பிரீமியம் கட்டியிருப்பேன்.

சரி, அதை விடுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, கோ-பே எத்தனை சதவீதம், கண்புரைக்கும் முழங்கால் ஆபரேஷனுக்கும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.