கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எத்தனை ஆண்டு உழைக்கும்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. கண்புரை அறுவை செய்து லென்ஸ் வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். 'புரை முற்றட்டும்' என்கிறார்கள் உறவினர்கள். அந்த லென்ஸைப் பிறகு மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: வழக்கமாக மாற்றத் தேவையே வராது. லென்ஸ் தேய்வதில்லை, காலாவதியாவதும் இல்லை. இந்த உறுதி போர்க்களத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்களில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) துணுக்குகள் பாய்ந்திருந்தன. கண்ணில் வேற்றுப் பொருள் புகுந்தால் வழக்கமாக அழன்று சிவக்கும். இவையோ சாதுவாகக் கிடந்தன. அதைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று அதே வகைப் பொருளில் செய்த லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார். பவர் கணக்கு பிசகியதால் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. சக மருத்துவர்களின் எதிர்ப்பையும் ரிட்லி பல ஆண்டுகள் தாங்க வேண்டியிருந்தது. அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

லென்ஸ் வைக்காத காலத்தில், அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் தூரம் தவறும். அந்தப் பார்வைக்காக யார் அவசரப்படுவார்கள்? முற்றும்வரை காத்திருந்ததில் அன்று நியாயம் இருந்தது. 1967-இல் சார்லஸ் கெல்மன் அல்ட்ராசவுண்ட் ஊசியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை தலைகீழானது. முற்றிக் கல்லாகிப்போன புரையை உடைக்க அதிக ஆற்றல் வேண்டும். அது கருவிழியின் உட்புறச் செல்களைப் பாதிக்கலாம். ஆகவே, படிப்பதற்கோ படி இறங்குவதற்கோ அம்மா தடுமாறுகிறார் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், புரை திரும்பிவிட்டதென்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சவ்வு மங்கியிருக்கும். லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் காட்டிவிடுவது அவசியம்.

உங்கள் கவலை பவர் கணக்கின் மேல் இருக்கட்டும். கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தவறினாலே பவர் சுமார் இரண்டரை டயாப்டர் (பவரின் அலகு) மாறிவிடும். அம்மா அதிகம் செய்வது தையலா, வாசிப்பா, வெளியே நடமாட்டமா என்பதை அளவெடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸ் என்றால், தூரப் பார்வை தெளிந்தாலும் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்.