சென்னை வெயிலில் வேலைக்குச் சைக்கிளில் போவதில் அப்படி என்ன சுகம்?

எனக்கு முதலில் பிடித்தது வழிதான். பெசன்ட் நகரிலிருந்து மயிலாப்பூர் போகிறேன். பிரம்மஞான சபைத் தோட்டத்தை ஒட்டிய பெசன்ட் அவென்யூவில் காலையில் நல்ல மர நிழல். நம் வண்டிக்குச் சத்தம் இல்லாததால் குயில் கூவுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். அப்புறம் திரு.வி.க. பாலத்தில் ஏறினால் அடையாற்றுக் காற்று முகத்தில் அடிக்கும். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இது கிடைக்கவில்லையே என்று உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

நேரமும் நம் கையில். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 6 கிலோமீட்டருக்கு 24 நிமிடம். நெரிசலிலும் பெரிதாக மாறாது.

சரி, வெயில்? 8 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஓட்டும்போது காற்று வியர்வையை உலர்த்திவிடும், நின்றதும்தான் கொட்டும். அதனால் பத்து நிமிடம் முன்னதாகப் போய், உடல் ஆறிய பிறகு சட்டை மாற்றுங்கள்.