வீட்டு மசாலாவில் சர்க்கரை வேண்டாம், உப்பும் வேண்டாம்

கேள்வி: எனக்கு 54 வயது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு லோசார்டனும் சாப்பிடுகிறேன். பாக்கெட் மசாலாவில் சர்க்கரை இருப்பதைப் பார்த்ததிலிருந்து வீட்டிலேயே அரைக்க நினைக்கிறேன். இனிப்புக்குப் பழுப்புச் சர்க்கரையோ அதிமதுரமோ சேர்க்கலாமா? பட்டையை அதிகம் போட்டால் சர்க்கரை குறையுமா?

பதில்: தாராளமாக அரையுங்கள். ஆனால், உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது உப்பைத்தான். ஒரு பொடியில் கால் பங்கு சர்க்கரை என்றே வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கான சமையலில் இரண்டு டீஸ்பூன் போட்டால், ஒருவர் தட்டுக்கு அரை கிராம்கூட வராது. இறைச்சியைத் தணலில் வாட்டுமுன் தடவும் பார்பெக்யூ மசாலாக்கள் வேறு கதை. சிலவற்றில் பாதியே சர்க்கரைதான், தடவுவதும் கை நிறைய. உப்போ இந்தப் பொடிகள் பெரும்பாலானவற்றிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அதனால் பொடியில் உப்பே சேர்க்காதீர்கள். சமைக்கும்போது தனியாக அளந்து போட்டால் எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தனியா மூன்று பங்கு, சீரகம் இரண்டு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுப் பொடி ஒவ்வொன்றும் ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். முழுதாக இருப்பதை மட்டும் எண்ணெயில்லாமல் இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு அரையுங்கள். சூட்டோடு மூடினால் நீர் கோத்துக் கட்டியாகும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சில பூஞ்சைகளின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், சமைத்தாலும் முழுதாகப் போகாது. பூண்டுப் பொடியைக் கடையில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி கலந்திருந்தால், சர்க்கரை என்ற வரியில் சுழியம் போட்டிருந்தாலும் ரத்தச் சர்க்கரையை அது வேகமாக ஏற்றும்.

பழுப்புச் சர்க்கரையும் சர்க்கரைதான்; நிறம்தான் வேறு. அதிமதுரம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கிளிசரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். நீங்கள் மாத்திரை சாப்பிடுவதே அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தானே? இனிப்பு வாசம் போதுமென்றால் சோம்பு, ஏலக்காய் இரண்டும் அழகாகத் தரும்.

பட்டையை மணத்துக்குப் போடுங்கள், மருந்தாக நம்பிப் போடாதீர்கள். அதை நம்பி மெட்ஃபார்மினைக் குறைத்துவிட வேண்டாம். தடித்து, கெட்டியாக ஒற்றைச் சுருளாக இருக்கும் காசியாப் பட்டையில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். அளவு மீறித் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். தினமும் ஒரு டீஸ்பூன் என்பதெல்லாம் அதிகம். காகிதம்போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உப்பைக் குறைக்கச் சொன்னதும் பலர் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிவிடுகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். லோசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் அளவு மீறி, இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பரிசோதித்து, உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள்.