மதுரைச் சமணர் குன்றுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குன்றுகளுக்குப் போக விரும்புகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஒரே நாள்தான் லீவு அண்ணே. எங்கே போகலாம்?

கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பிரிய வேண்டும். விடிந்ததும் ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறை முகத்தில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக நிற்கும். ஒன்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று வெட்டியிருக்கிறது. அச்சணந்தி பெரிய துறவி, பல குன்றுகளில் அவர் பெயர் உண்டு. துறவியான மகனின் பெயரோடு தன் பெயரையும் அம்மா இங்கே விட்டுப் போயிருக்கிறார். அந்த வரியைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

இறங்கியதும் மலையின் மறுபக்கம் செட்டிப்புடவுக்குப் போங்கள். குகைக்கு வெளியே அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் பெருமான். நீண்ட காதைப் பார்த்துச் செட்டியார் என்று ஊரில் பெயர் வைத்தார்கள், இடமும் செட்டிப்புடவு ஆயிற்று. உள்ளே மேற்பாறையில், சிங்கத்தின் மேல் ஏறி யானையை எதிர்க்கும் இயக்கியை, சமணரின் பெண் காவல் தெய்வத்தை, தவறவிடாதீர்கள்.

தங்குவதற்கு நல்ல ஹோட்டல் சொல்லுங்கள் சார்.

மதுரையில் தங்குங்கள். ஹோட்டல் விவரம் எனக்குத் தெரியாது.

கல்படுக்கை என்கிறார்களே, வெறும் பாறையில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது?

நல்ல கேள்வி தம்பி. சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய இடம்தான் கல்படுக்கை. மாங்குளத்துக்குப் போங்கள். மீனாட்சிபுரம் பக்கம், ஓவாமலை என்று கேட்டால் காட்டுவார்கள். குகைக்குள் போகும் முன் அண்ணாந்து பாருங்கள். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு வெட்டு ஓடும். அதுதான் காடி. மழைநீர் பாறையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்காமல் அந்த வெட்டிலேயே சொட்டி வெளியே விழும். மழை நாளில் ஒருமுறை உள்ளே உட்கார்ந்திருந்தேன். முன்னால் திரை போட்டதுபோல் நீர் விழுகிறது, படுக்கையில் ஒரு துளி இல்லை. கையை வைத்துப் பார்த்தால் படுக்கை வழவழப்பாக இருக்கும், தலைமாட்டில் மட்டும் சற்று மேடு. கல்லிலேயே தலையணை.

இதைச் செய்து கொடுத்தவர்களின் பெயரும் அங்கேயே தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு, பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி என்பது அதன் செய்தி. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து. கடைசிச் சொல் ‘பளிஇய்’, அதாவது பள்ளி. படுக்கும் இடம் பள்ளி. துறவிகள் தங்கிப் பாடம் சொன்ன இடமும் பள்ளி. இன்று நம் பிள்ளைகள் போவதும் பள்ளி.

அரசர் மட்டும் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். அழகர்மலைக் கல்வெட்டில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன் எல்லாரும் வருகிறார்கள். கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி. மதுரைக் கடைத்தெருவே ஏறி வந்திருக்கிறது.

எழுத்து மங்கலாக இருக்கிறது. சாக்பீஸ் தடவிப் படம் எடுக்கலாமா?

கூடாது. எண்ணெய், மஞ்சள், பெயிண்ட் எதுவுமே கூடாது. பாறையில் இயற்கையாக உள்ள விரிசலையும் எழுத்தின் கோடு என்று நினைத்து நிரப்பிவிடுவார்கள். அடுத்து வருகிறவர் அதையே படித்துவிட்டுப் போவார். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் வரை காத்திருங்கள், எழுத்து தானே எழுந்து நிற்கும்.

பாதி நாளில் எது பார்க்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

சம்பந்தர் காலத்தில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதோடு மதுரையில் சமணம் அழிந்துவிட்டதே?

இதையே வேறு வேறு சொற்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. கழுவேற்றத்தை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. நீங்கள் பேச்சிப்பள்ளத்தில் பார்க்கும் திருமேனிகளோ 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அழிந்துபோனவர்கள் இருநூறு வருடம் கழித்து எப்படி உளி பிடிப்பார்கள்?

அப்படியானால் கழுவேற்றம் நடக்கவே இல்லை என்கிறீர்களா?

நான் அப்படி எழுதவில்லை. மதுரைச் சமணம் அன்றோடு முடியவில்லை என்றுதான் சொன்னேன்.

பாண்டியன் சைவனான பிறகு யாரோ ஒளிந்து செய்திருக்கலாம் அல்லவா?

மலை நெற்றியில் எட்டுச் சிலையை எப்படி ஒளிந்து செதுக்குவது? புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கும் போய்ப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் ஆண்டபோது, அங்குள்ள சமணக் குகைக்கோயிலான அறிவர் கோயிலைப் புதுப்பித்தவர் தம்மை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று கல்வெட்டில் சொல்கிறார். மதுரைக்காரர், ஆசிரியர். பாண்டிய அரசனின் பெயரையும் அதிலேயே போட்டிருக்கிறார். இதில் ஒளிவு எங்கே இருக்கிறது? சைவர், சமணர் என்று இன்று சண்டை போடுகிறவர்கள் இரண்டு மலையையும் ஒருமுறை ஏறிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரில் சொல்கிறார்களே?

இந்தக் கல்படுக்கைகளைத்தானே, சொல்லட்டும். ஊர்க்காரர்கள் பாண்டவர் என்றும் சாமி என்றும் நினைத்ததால்தான் பல இடங்கள் குவாரிக்குத் தப்பின. அவர்களிடம் திருத்தம் சொல்லப் போகாதீர்கள்.

சிலைக்கு எண்ணெய் தடவினால் பாதுகாப்புதானே?

இல்லை. சாக்பீஸ் கேள்விக்கே இதற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டேன். எண்ணெயில் தூசி ஒட்டும், கருக்கும், செதுக்கிய கோடு மறையும். தொடாதீர்கள்.

அரிட்டாபட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா அண்ணா?

தாராளமாக. மேலூர் பக்கம். தீர்த்தங்கரர் சிற்பம், தமிழிக் கல்வெட்டு, பாறையைக் குடைந்த சிவன் கோயில் எல்லாம் ஒரே ஊரில். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்ததும் சுற்று வட்டார மக்கள் திரண்டு நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது பேசவிட்டுக் கேளுங்கள். குடிநீர் கொண்டு போங்கள். தேன்கூடு தெரிந்தால் சத்தம் வேண்டாம். அப்புறம், பிள்ளைகள் பையில் சாக்பீஸ் இருந்தால் வண்டியிலேயே வைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.