உலகப்போர்க் கால பிரிட்டனில் அன்றாட வாழ்க்கை: கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போரின்போது போர்முனையில் நடந்தவற்றை அல்லாமல், பிரிட்டனின் வீடுகளிலும் கடைகளிலும் பள்ளிகளிலும் நடந்தவற்றைப் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: போர் தொடங்கியதும் சாதாரண மக்கள் உணர்ந்த முதல் மாற்றம் எது ஐயா? குண்டுவீச்சா?

இல்லை, இருட்டுதான். பிரிட்டன் போரை அறிவித்தது 1939 செப்டம்பர் 3 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்பே, செப்டம்பர் 1 இரவிலிருந்து, நாடு முழுவதும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டிலும் சன்னல்களைக் கறுப்புத் துணியாலோ தடித்த தாளாலோ மூட வேண்டும். ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் பாதுகாப்புக் காவலர் கதவைத் தட்டுவார், சில வேளைகளில் அபராதமும் விழும். லண்டன் மீதான தொடர் குண்டுவீச்சு தொடங்க அதன் பிறகும் ஓராண்டு ஆயிற்று என்பதால், அந்த முதல் ஆண்டில் எதிரி விமானத்தைவிட இருட்டே அதிக உயிர்களைக் குடித்தது. நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தும்கூட, 1941இல் சாலை விபத்துகளில் 9,169 பேர் இறந்தார்கள். கார்கள் மிகக் குறைவாக ஓடிய காலத்தில் நேர்ந்த அந்த எண்ணிக்கையை அந்நாடு பின்னர் எந்த ஆண்டிலும் எட்டவில்லை.

ரேஷன் கடை ஊழியர், ஈரோடு: அங்கே பங்கீடு எப்படி நடந்தது? எங்களைப் போல அட்டைதானா? பணக்காரர்களுக்கும் அதே அளவுதானா?

உங்கள் தொழில் சார்ந்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். போருக்கு முன் பிரிட்டன் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உணவுப் பொருள்களைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் குறிவைத்தபோது, விலையைத் தானாக ஏறவிட்டிருந்தால் காசுள்ளவன் மட்டுமே சாப்பிட்டிருப்பான். முதல் உலகப்போரின் அனுபவம் அதை அரசுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. எனவே 1940 சனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றும் பங்கீட்டுக்குள் வந்தன. அரசரின் குடும்பத்துக்கும் ரேஷன் புத்தகம் உண்டு.

ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கடையைத் தேர்ந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவானவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி மட்டுமே அந்தக் கடைக்குச் சரக்கு வரும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றை எடைக்கு அன்றி விலைக்கு வரம்பிட்டுப் பங்கிட்டார்கள். மட்டமான பகுதியை வாங்குகிறவருக்குக் கூடுதல் எடை கிடைக்கும், நல்ல பகுதிதான் வேண்டும் என்பவர் குறைவாக வாங்கிப் போவார். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தேயிலை 1940 சூலையிலிருந்து வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம். நாள் முழுதும் தேநீர் குடித்துப் பழகிய மக்களுக்கு அது மூன்று நான்கு கோப்பைக்கு மேல் காணாது என்பதால், ஒருமுறை கொதித்த இலையிலேயே மீண்டும் வெந்நீர் ஊற்றிக் குடிப்பது எல்லா வீடுகளிலும் வழக்கமாயிற்று. 1944 இறுதியில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு அவுன்ஸ் கூட்டிக் கொடுத்தார்கள்.

டப்பா உணவு போன்றவை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடும் அளவுக்குக் கிடைக்கவில்லை. அவற்றுக்காக 1941 டிசம்பரில் புள்ளி முறை வந்தது: ஒவ்வொருவருக்கும் நான்கு வாரத்துக்கு இத்தனை புள்ளி, அதை எந்தக் கடையிலும் எந்தப் பொருளுக்கும் செலவிடலாம். ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் அரசு அதன் புள்ளியை உயர்த்தும், தேங்கினால் குறைக்கும்.

பணக்காரர் பற்றிக் கேட்டீர்கள். உணவகச் சாப்பாட்டுக்கு ரேஷன் கூப்பன் தேவையில்லை என்பது பெரிய ஓட்டையாக இருந்தது. மக்கள் கொதித்த பிறகு, 1942இல், எந்த உணவகமும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு (கால் பவுண்டுக்கு) மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கள்ளச்சந்தையும் இருந்தது. ஆனால் மேசைக்கு அடியிலிருந்து வேண்டியவருக்கு எடுத்துக்கொடுக்கும் சிறிய சலுகைகள்தாம் மக்களை அதிகம் எரிச்சலூட்டின என்று நினைக்கிறேன். பற்றாக்குறையைப் பொறுத்துக்கொண்டவர்கள் பாரபட்சத்தைப் பொறுக்கவில்லை.

செவிலியர், வேலூர்: இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டு மக்களின் உடல்நலம் கெடவில்லையா?

பொதுவாகக் கெடவில்லை, ஏழைக் குழந்தைகளைப் பொறுத்தவரை மேம்பட்டது என்றே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை நிறப் புத்தகம். அதை வைத்திருந்தவர்களுக்குப் பால், முட்டை, பழம் ஆகியவற்றில் முன்னுரிமை. மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் அரசே வழங்கியது. தவிட்டை முழுதும் நீக்காத மாவில் செய்த சாம்பல் நிற ரொட்டியை எல்லாரும் திட்டிக்கொண்டே தின்றார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை: பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அனுப்பியதாகப் படித்திருக்கிறேன். பெற்றோர் எப்படிச் சம்மதித்தார்கள்?

கட்டாயம் இல்லை, ஆனால் குண்டுவீச்சில் லட்சக்கணக்கானோர் சாவார்கள் என்று அரசே நம்பிய காலம் அது. 1939 செப்டம்பர் முதல் நாளிலிருந்து சில நாள்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் அரசு ஏற்பாட்டில் நகரங்களை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். சிறு குழந்தைகளோடு தாய்மார்களும் போனார்கள். தோளில் நச்சுவாயு முகமூடி வைத்த அட்டைப்பெட்டி, சட்டையில் பெயரெழுதிய சீட்டு, கையில் ஒரு சின்ன மூட்டை என்று, எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே தெரியாமல், ஆசிரியர்களோடு அந்தப் பிள்ளைகள் ரயில் ஏறினார்கள்.

போய்ச் சேர்ந்த ஊரில் நடந்தது வேதனையானது. பல ஊர்களில் பிள்ளைகளை ஒரு கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ஏற்க வந்தவர்கள் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளும்படி விட்டார்கள். வீட்டு வேலைக்கு உதவும் பெண்பிள்ளைகளும் வயல் வேலைக்குத் தோதான பையன்களும் முதலில் போனார்கள். அழுக்குச் சட்டைக்காரர்களும், பிரிய மறுத்த அண்ணன் தங்கைகளும் கடைசிவரை நின்றார்கள். ஏற்றுக்கொண்ட குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்றால் வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ் அரசு தந்தது. அன்போடு வளர்த்தவர்கள் பலர், கொடுமைப்படுத்தியவர்களும் உண்டு.

எதிர்பார்த்த குண்டுகள் விழாததால், 1940 தொடக்கத்துக்குள் வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் வீடு திரும்பிவிட்டனர்; பிறகு குண்டு விழத் தொடங்கியபோது மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் இதில் ஒரு விளைவைக் குறிப்பிடாமல் விட முடியாது. நகரத்துச் சேரிப் பிள்ளைகளின் தலைப்பேனையும் சிரங்கையும் கிழிந்த காலணியையும் வசதியான கிராமத்துக் குடும்பங்கள் முதல்முறையாகத் தங்கள் வீட்டு நடுக்கூடத்திலேயே பார்த்தன. அந்த அதிர்ச்சியில் சிலர் தாய்மார்களைப் பழித்தார்கள். வேறு சிலர் வறுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

வாசகர், சேலம்: லண்டன்வாசிகள் எல்லாரும் சுரங்க ரயில் நிலையங்களில் தூங்கினார்களாமே?

படங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. 1940 நவம்பரில் எடுத்த கணக்கின்படி, நகரின் நடுப்பகுதியில் இருந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவே ரயில் நிலையங்களில் தங்கினார்கள். பெரும்பாலோர் தம் வீட்டிலேயே, மாடிப்படிக்கு அடியிலோ கட்டிலிலோதான் படுத்தார்கள்.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: பெண்கள் வேலைக்குப் போனது விடுதலையா, சுமையா?

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1941 டிசம்பர் சட்டத்தின்படி, 20 முதல் 30 வயதுவரையான மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கலாம்; படைப்பிரிவு, உள்நாட்டுப் பாதுகாப்பு, தொழிற்சாலை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எழுத்துமூலம் சம்மதிக்காத பெண்ணிடம் கொல்லும் ஆயுதத்தைக் கொடுக்கக் கூடாது என்றும் விதி இருந்தது. ஆனால் ஒரே வேலைக்கு ஆணின் கூலி கிடைக்கவில்லை. குண்டுவீச்சில் காயம்பட்டாலும் பெண்ணுக்கு வாரம் 7 ஷில்லிங் குறைவான இழப்பீடுதான். பெண் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் விடாமல் போராடியதால் 1943இல் அது சமமாயிற்று. எட்டு மணி நேரத்துக்கு மேல் பட்டறையில் நின்றுவிட்டு, மூடப்போகும் கடையின் வரிசையில் போய் நிற்பதும் அவள் தலையில்தான் விழுந்தது.

வாசகர், கண்டி: இதில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தொடர்பு ஏதும் உண்டா?

உண்டு. 1942இல் சாவகமும் சுமத்திராவும் சப்பானியர் கைக்குப் போனபின், பிரிட்டன் தேயிலைக்குப் பெரும்பாலும் இந்தியாவையும் இலங்கையையும் நம்பியிருந்தது. அந்த 2 அவுன்ஸ் தேயிலையில் ஒரு பங்கு உங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து. அதே ஆண்டு மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததால் பர்மா அரிசி நின்றுபோய், இலங்கையில் சோற்றின் இடத்துக்குக் கோதுமை மாவு வந்தது. தமிழ்நாட்டின் ரேஷன் கடைக்கும் வேர் அந்தப் போர்க்காலப் பற்றாக்குறையில்தான் இருக்கிறது.

வாசகர், தஞ்சாவூர்: போர் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா?

1945இல் போர் முடிந்தது. போர்க்காலம் முழுதும் பங்கீட்டுக்கு வராத ரொட்டி 1946 சூலையில் பங்கீட்டுக்கு வந்தது. வென்ற நாட்டில் தோற்ற நாட்டைப்போல வரிசையில் நிற்கிறோமே என்ற முணுமுணுப்பு அங்கே சாதாரணமாக இருந்தது. மிட்டாய்க்கான கட்டுப்பாட்டை 1949 ஏப்ரலில் எடுத்தார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் கடைகளைக் காலி செய்துவிடவே, ஆகஸ்டில் திரும்பவும் போட்டு, 1953இல்தான் முழுதாக நீக்கினார்கள். போர்க்காலத்தில் வந்த அடையாள அட்டை 1952வரை நீடித்தது. கடைசியாக 1954 சூலை 4 அன்று இறைச்சியோடு பங்கீடு முடிந்தது. சம்பளம் கைக்கு வருமுன்னே வருமான வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையும் 1944இல் போர்ச்செலவை ஈடுகட்ட வந்ததுதான். அதை மட்டும் எந்த அரசும் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.